தாடை கம்பிக்கு மேலே

துருப்பிடித்த இரும்பைக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்திருந்துவிட்டு உள்ளங்கையை மோந்து பார்த்தால் ஒரு வாசனை வரும். ரத்தம் போலவும் இருக்கும், மழை பெய்து காய்ந்த மண் போலவும் இருக்கும், சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினாலும் போகாமல் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டு போகும்போது மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். ஆறாம் வகுப்பு முடித்த அந்த ஆண்டின் கடைசியில், தீபாவளி கழிந்ததிலிருந்து தைப்பூசம் வரைக்கும், என் இரண்டு கைகளிலும் அந்த வாசனைதான் இருந்தது. தூங்குவதற்கு முன் கையை மோந்து பார்த்துக்கொள்வேன். பலம் என்று ஒன்று இருந்தால் அதற்கு இந்த வாசனைதான் இருக்கும் என்று எனக்குள் ஓர் எண்ணம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. புக்கிட் செலம்பாவ் பக்கத்திலிருந்து சுங்கைப்பட்டாணிக்குத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற பஸ்களில் பாதிக்கு மேல் என்னுடையவை. "பஸ் மாரியக்கா" என்றால் போலீஸ் நிலையத்தில்கூட நாற்காலி எடுத்துப் போடுவார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. கையெழுத்துப் போடுவேன், பேப்பர் எழுத்துக்கூட்டாமல் படிப்பேன், மற்றதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கற்றுக்கொண்டது. எங்கள் வட்டாரத்தில் லோரி லைசென்ஸ் எடுத்த முதல் பொம்பளை நான்தான், இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மை அப்படி இருக்கிறது, நான் என்ன செய்ய. ஆனால் லோரியை ஓட்டியதற்கு முன்னால் லோரியில் நின்றது என்று ஒன்று உண்டு. அதற்காக என் உடம்பை நானே தூக்க வேண்டியிருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஆண்டுக்கு ஒரு நாள், தைப்பூசத்துக்கு, எல்லோரும் லோரி ஏறிச் சுங்கைப்பட்டாணிக் கோயிலுக்குப் போவோம். கித்தாப் பால், ரப்பர் மரத்துப் பால், ஏற்றுகிற லோரிதான். முதல் நாளே தண்ணீர் ஊற்றிக் கழுவி, தரையில் சாக்கு விரித்து வைப்பார்கள். என்ன கழுவினாலும் புளித்த பால் நாற்றம் பலகை இடுக்கிலிருந்து போகாது. பக்கத்துப் பலகைகள் ஆள் உயரம் இருக்கும். பொம்பளைகளும் பிள்ளைகளும் தரையில் காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும், மடியில் தேங்காய்ப் பை, பால் சொம்பு, யாருடைய பிள்ளையோ ஒன்று. மேலே வானம் தெரியும், சில இடத்தில் மரக்கிளை ஓடும், மழை வந்தால் மழை தெரியும். அவ்வளவுதான். நான் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தச் சாலையில் போயிருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. லோரி திரும்புவது தெரியும், எதைச் சுற்றித் திரும்புகிறது என்பது தெரியாது. யாரோ கத்திக் கூப்பிடுவது கேட்கும், யார், எதற்கு என்று தெரியாது. சின்னப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

பார்த்துக்கொண்டு போகிறவர்களும் இருந்தார்கள். டிரைவர் உட்காருகிற அறைக்குப் பின்னால் ஒரு பலகை மேடை, அதற்கு மேலே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் குறுக்காக ஓர் இரும்புக் கம்பி. மேடையில் ஏறி நின்று அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டால் நெஞ்சுக்கு மேலே எல்லாம் காற்று, ஊர் மொத்தமும் கண்ணுக்கு முன்னால். ஆனால் அங்கே நிற்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டவர் லோரி டிரைவர் சவரிமுத்து, நாங்கள் "சவரி மாமா" என்போம். வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார், தைப்பூசத்துக்கு முந்தின வாரம் எங்களோடு சேர்ந்து அவரும் கவிச்சியை விட்டுவிடுவார், கேட்டால் "உங்க சாமி என் லோரியிலதானே வருது" என்பார். எப்போதோ மாடு குறுக்கே வந்து அவர் பிரேக் போட்டபோது முன்னால் நின்ற ஒருவன் பறந்து போய்ப் பள்ளத்தில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டானாம். அன்றிலிருந்து, லோரித் தரையில் நின்று கம்பியைப் பிடித்துத் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரும்வரை தன்னைத் தானே தூக்கிக் காட்டுகிறவன்தான் மேடை ஏறலாம். "ஒன் ஒடம்ப ஒன்னாலயே தூக்க முடியல, பிரேக் போட்டா கம்பி எப்படிடா ஒன்னத் தாங்கும்" என்று கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார். எங்கள் தோட்டத்தில் இதற்குப் பெயர் "கம்பி எடுக்கிறது". கம்பி எடுத்தவன் பெரிய ஆள்.

அந்தச் சட்டத்தில் ஆண், பெண் என்று எதுவும் இல்லை. எந்தப் பெண்ணும் கேட்டதில்லை என்பதால் அவரும் சொல்லி வைக்கவில்லை. இந்த ஓட்டையை முதலில் கண்டுபிடித்தது நான்தான். பிற்காலத்தில் பெர்மிட் வாங்கப் போன இடத்தில் எல்லாம் எனக்கு உதவிய மூளை அது.

கம்பி எடுக்கப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். அம்மா பால்மரம் வெட்டுகிறவர், மரப்பட்டையைக் கீறிப் பால் இறக்குகிற வேலை, பேச்சு குறைவு. அடுப்பை ஊதிக்கொண்டே, "இந்த வருசம் வேணா ஆட்டம் போடு. அடுத்த தைப்பூசத்துக்கு நீ பெரிய மனுசியா ஆயிருவ. அப்பறம் எங்கூடத்தான் கீழ ஒக்காரணும்" என்றார். திட்டுவார் என்று நினைத்துப் போன எனக்கு அது திட்டைவிட மோசமாக இருந்தது. அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். என் வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் அதற்குள் தாவணிக்குப் போய்விட்டார்கள். அப்படியானால் எனக்கு இருப்பது இந்த ஒரு தைப்பூசம். இதை விட்டால் அந்தச் சாலையை நான் ஆயுசுக்கும் பார்க்கப் போவதில்லை என்று அன்று முடிவு கட்டிக்கொண்டேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கித்தாத் தோட்டத்துப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. பழகிப் பார்க்க எனக்குக் கம்பி கிடைக்கவில்லை. வீட்டில் அம்மாவின் "காண்டா" இருந்தது. காண்டா என்பது இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கிற கம்பு. நல்ல காண்டா நடைக்கு நடை வளைந்து நிமிரும், அந்த வளைவில்தான் பாரம் தெரியாமல் போகும். எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குப் பின்னால் நின்ற கொய்யா மரத்தின் இரண்டு கவட்டைகளில் அதைக் குறுக்கே வைத்துத் தொங்கினேன். ஓர் எம்பு எம்பினேன். கம்பு வளைந்தது, நிமிர்ந்தது, என் தாடை மேலே வந்துவிட்டது. மறுபடியும் எம்பினேன், மறுபடியும் வந்தது. இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது எனக்கு. அன்று சாயங்காலமே லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சொன்னேன், கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை லோரி திடலில் நின்றது. சவரி மாமா எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தார். பையன்கள் கூடியிருந்தார்கள், அவர்களில் எங்களுக்கு இரண்டு கதவு தள்ளியிருந்த குணா, கை இரண்டும் முருங்கைக்காய் மாதிரி இருந்தும் போன வருடமே கம்பி எடுத்தவன். நான் லோரிக்குள் ஏறி, அங்கே கிடந்த சாக்கு மூட்டையின் மேல் நின்று கம்பியைப் பிடித்தேன். மூட்டையிலிருந்து காலை எடுத்தேன். தொங்கினேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

இரும்பு வளையவில்லை, நிமிரவில்லை, எனக்கு எந்த உபகாரமும் செய்யவில்லை. காலை உதைத்தேன், இடுப்பை ஆட்டினேன், கழுத்தை மட்டும் ஆமை மாதிரி நீட்டினேன். கீழே குணா நிதானமாகக் கேட்டான்: "மாரி, என்னா, துணி காயப் போட்டிருக்கியா?" சிரிப்பு லயம் வரைக்கும் போயிற்று. "நேத்து காண்டாவுல எடுத்தேன் லா" என்று தொங்கிக்கொண்டே சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "காண்டா ஒன்னத் தூக்கியிருக்கு, நீ எங்க தூக்குன" என்றான் குணா. சவரி மாமா மட்டும் சிரிக்கவில்லை. கைத்துணியில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, "எறங்கு பாப்பா. தைப்பூசத்துக்கு நாள் கெடக்கு" என்றார்.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கச்சேரி. காண்டாவில் நடுவில் ஒரு விரிசல். அடுத்த நாள் அம்மா தீம்பாரிலிருந்து, அதாவது மரம் வெட்டுகிற காட்டிலிருந்து, பால் சுமந்து வரும்போது அடிக்கு ஒரு தரம் "கிரீச்" என்று சத்தம் கேட்டதாம், கூட வந்த பொம்பளைகள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். அம்மா என்னை அடிக்கவில்லை. "லீவு விட்டாச்சில்ல, நாளையிலருந்து எங்கூட வா. எம் மரத்துக்கு நீதான் பால் எடுக்கணும்" என்றார். ஆக, ஆண்டு இறுதி விடுமுறை முழுவதும் மரத்துக்கு மரம் ஓடி, மங்குக் கிண்ணத்தில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றி, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்கு ஓடுவதுதான் என் வேலையாயிற்று. அதைத் தண்டனை என்று நினைத்து அழுதேன். என் விரல்கள் வாளிக் கைப்பிடியை விடாமல் பிடிக்கப் பழகியது அங்கேதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அந்த நாட்களில் என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி ஒன்றே ஒன்று: பலம் உடம்பில் எங்கே இருக்கிறது? யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொன்னார்கள். பச்சை முட்டையில் இருக்கிறது என்றார் கோழி வளர்க்கிறவர். கள்ளில் இருக்கிறது என்றார் கள் குடிக்கிறவர். பொம்பளைப் பிள்ளைக்கு அது எதற்கு என்றார்கள் மற்றவர்கள். பதில் கிடைக்காததால் நானே பார்க்க ஆரம்பித்தேன். குரங்கு கிளையில் தொங்கும்போது விரலை எப்படி மடக்குகிறது என்று பார்த்தேன். கட்டை விரலை அது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. குணா சட்டையில்லாமல் கம்பி எடுக்கும்போது முன்னால் நின்று வேடிக்கை பார்க்காமல் முதுகுப் பக்கம் போய் நின்றேன். அங்கே ஓர் அதிசயம் இருந்தது. அவன் கை மடங்குவதற்கு முன்னாலேயே முதுகில் இரண்டு பட்டை எலும்புகளும் கீழே இறங்கி ஒன்றையொன்று நெருங்கின, கோழி இறக்கையை மடக்கிக்கொள்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் கை வேலை செய்தது. கையால் இழுக்கிறான் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்க, அவன் முதுகால் இழுத்துக்கொண்டிருந்தான். அது அவனுக்கே தெரியாது. "என்னாடி பின்னால நின்னு மொறைக்கிற" என்று மட்டும் கேட்டான்.

தெரிந்துகொண்டால் போதுமா, செய்ய வேண்டாமா. பால் ஸ்டோருக்குப் பின்னால் சாக்கடை மாதிரி ஒரு கான் ஓடும், கித்தா ஷீட் போட்டுக் கழுவிய தண்ணீர், மூக்கைப் பிடுங்குகிற புளிப்பு நாற்றம். அந்தக் கானுக்கு மேலே குறுக்காக ஒரு தண்ணீர்க் குழாய் போகும், நல்ல கனத்த இரும்பு. யாரும் வராத இடம் என்பதால் எனக்குத் தோதாக இருந்தது. கான் ஓரத்தில் ஒரு சின்னக் காலித் தோம்பை, தகரப் பீப்பாயை, கவிழ்த்து அதன் மேல் ஏறினால் குழாய் என் நெஞ்சுக்கு வரும். தொங்கி எழும்ப என்னால் முடியவில்லை. சரி, எழும்பின மாதிரியே ஆரம்பிப்போம் என்று குழாயைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, தோம்பிலிருந்து காலை எடுத்துக் கானுக்கு மேலே வந்துவிட்டேன். வந்த பிறகுதான் கீழே பார்த்தேன். கை நீண்டுவிட்டால் கால் அந்தத் தண்ணீரில் இறங்கும்.

இறங்கியது. கணுக்கால் வரைக்கும்.

அடுத்த தரம் இறங்காமல் இருக்க முயன்றேன். அதற்கடுத்த தரம் இன்னும் முயன்றேன். மேலே போவதற்கு என்னிடம் பலம் இல்லை. ஆனால் கீழே போகாமல் இருப்பதற்குக் கொஞ்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்தை நாற்றம் இழுத்து இழுத்து நீட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, குணாவின் முதுகை நினைத்துக்கொண்டு, என் முதுகில் இல்லாத இறக்கைகளை மடக்கிக்கொண்டு, மெதுவாக, மெதுவாக இறங்குவேன். இன்று என் பேரன் போகிற ஜிம்மில் மாதச் சந்தா வாங்கிக்கொண்டு இதையேதான் சொல்லிக் கொடுக்கிறார்கள், ஏற முடியாதவன் முதலில் மெதுவாக இறங்கிப் பழகட்டும் என்று. அவன் வந்து பெரிய ரகசியம் போலச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் தோட்டத்துக் கான் இதை இலவசமாகச் சொல்லிக் கொடுத்தது.

வீட்டில் நாற்றம் காட்டிக் கொடுத்தது. "ஸ்டோர் பின்னால என்னாடி வேல ஒனக்கு" என்றார் அம்மா. அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் அடியில் வரிசையாகக் கொப்புளம் உடைந்து காய்த்துப் போயிருந்தது, அவர் கையில் இருப்பதைப் போலவே, ஆனால் சின்னதாக. கையை விட்டுவிட்டு, "காலக் கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்றார்.

நல்ல வெயில் அடித்துக் கித்தா இலை சிவக்கத் தொடங்கிய நாளில் ஒரு சின்ன விஷயம் தற்செயலாகக் கிடைத்தது. பையன்கள் எல்லோரும் கம்பியை உள்ளங்கை வெளியே பார்க்கும்படி பிடிப்பார்கள். எனக்குக் கை வழுக்கியதால் ஒரு தரம் மாற்றிப் பிடித்தேன், உள்ளங்கை என் முகத்தைப் பார்க்கிற மாதிரி. மடியில் இருக்கிற பிள்ளையை நெஞ்சோடு இழுத்து அணைக்கிற பிடி. அன்று குழாயில் கை நீட்டித் தொங்கிய நிலையிலிருந்து தலை பாதி தூரம் தானாக எழும்பியது. நான் இறங்கி வந்து கான் ஓரத்தில் உட்கார்ந்து கையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கை, அதே கம்பி, பிடியைத் திருப்பினால் வேறு ஆள். இது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாதி தூரம் முழுத் தூரம் ஆகவில்லை. நெற்றி வரும், மூக்கு வரும், மூக்கோடு நின்றுவிடும். தைப்பூசம் வந்துவிட்டது, மூக்கு மட்டும்தான் வந்திருந்தது.

அன்று விடிந்ததும் லோரி திடலுக்கு வந்தது. பொம்பளைகள் எல்லோரும் ஏறிச் சாக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா மஞ்சள் சேலையில், மடியில் பால் சொம்போடு, பலகையில் சாய்ந்திருந்தார். பையன்கள் வரிசையாக வந்து கம்பி எடுத்துவிட்டு மேடையில் ஏறினார்கள். நான் பாவாடைக்கு உள்ளே பக்கத்து வீட்டுத் தம்பியின் சிலுவார்க் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் போனேன். "ஐயையே, இந்தப் பிள்ளய யாரும் கேக்க மாட்டீங்களா" என்றது ஒரு குரல். "துணி காயப் போட வந்துட்டாடா" என்றான் குணா மேலேயிருந்து. மூட்டை மேல் ஏறிக் கம்பியைப் பிடித்தேன், உள்ளங்கை என்னைப் பார்க்க. காலை எடுத்தேன்.

முதுகை மடக்கினேன். நெற்றி வந்தது. மூக்கு வந்தது. அங்கேயே நின்றேன். லோரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் மேடையில் நின்ற இரண்டு பையன்களுக்கு நடுவே செம்மண் ரோட்டின் ஒரு துண்டு தெரிந்தது. ரோடு ஒரு கித்தா மரத்தைச் சுற்றி வளைந்து போய் மறைந்தது. அந்த மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. கழுத்தை நீட்டவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு பிடி பலம் வந்து மொத்த உடம்பையும் தூக்கியது. குளிர்ந்த இரும்பு தொண்டையில் பட்டது. கம்பி என் தாடைக்குக் கீழே இருந்தது.

பிறகு குணா, "மாமா, செல்லாது. கைய மாத்திப் புடிச்சிருக்கா. அது பொம்பளப் பிடி" என்றான். நான் தொங்கிக்கொண்டே சவரி மாமாவைப் பார்த்தேன். அவர் பின்பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். "தாட மேல வந்துச்சா இல்லயா?" என்று கேட்டார்.

"வந்துச்சு. ஆனா கை…"

"நான் தாடையத்தான் கேட்டேன். கை எங்க பாத்தா எனக்கென்னா. தள்ளி நில்லுடா, பிள்ள ஏறட்டும்."

ஏறினேன். லோரி கிளம்பியது. முதல் வளைவு திரும்பியதும், அந்த மரத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது; இன்னும் கித்தா மரம்தான். ஆனால் அதற்குப் பிறகு தார் ரோடு, அதற்குப் பிறகு பச்சை வயல், வயலுக்கு அப்பால் நீலமாக ஜெராய் மலை, உச்சியில் மேகம் துண்டு கட்டின மாதிரி. வாயைப் பிளந்து பார்த்ததில் தொண்டை வரைக்கும் காற்று புகுந்தது எனக்கு. கீழேயிருந்து ஒரு கை பாவாடையை இழுத்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் "யாரும் கேக்க மாட்டீங்களா" என்ற அதே அக்காள். "ஏய் மாரி, என்னா தெரியுது?" என்றார், கோபமாகக் கேட்பது போலவே.

"வயலு. கொக்கு நிக்குது. ஒரு மலாய்க்காரத் தாத்தா சைக்கிள்ள வாத்துக் கொண்டு போறாரு."

"எத்தன வாத்து?"

அவ்வளவுதான், கீழே இருந்த பொம்பளைகள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். இப்ப என்னா, இப்ப என்னா என்று கோயில் வரைக்கும் விடவில்லை. மேடையில் எத்தனையோ ஆண்டாகப் பையன்கள் நின்று போயிருக்கிறார்கள், ஒருவரும் குனிந்து கீழே சொன்னதில்லை. இவர்களும் அவர்களைக் கேட்டதில்லை. ஆனால் ஒன்று என்னைத் திகைக்க வைத்தது. நான் பாலம் என்று சொல்வதற்கு முன்னால் ஒருவர் "இப்ப பாலம் வரும் பாரு, பலக கடகடங்கும்" என்றார். கடகடத்தது. இன்னொருவர் "இங்க பள்ளிவாசல் இருக்கணுமே, ஒரு தரம் பாங்கு கேட்டுச்சு" என்றார். இருந்தது. கண்ணால் பார்க்காத சாலையைக் காதாலும் மூக்காலும் குண்டு குழியாலும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். நான் நிறத்தை மட்டும்தான் அவர்களுக்குச் சொன்னேன்.

அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குள் அது குத்திக்கொண்டே இருந்தது. கோபம் தீரவில்லை என்று நினைத்தேன். ரயில் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் லோரி மெதுவாகியது. காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்தது, சர்க்கரை கருகுகிற மாதிரி, நாக்கு ஊறுகிற மாதிரி. அப்போது என் கணுக்காலை ஒரு கை பிடித்தது. அம்மாவின் கை, காய்ப்பு தெரிந்தது. நான் குனிந்தேன். மற்றவர்களுக்குக் கேட்காமல், "இது எங்கேருந்து வருதுன்னு பாரு" என்றார். "கல்யாணமான வருசத்துலருந்து மோந்துக்கிட்டுப் போறேன். கடையா, வீடான்னு தெரியல. சீக்கிரம் பாரு, போயிரும்."

பார்த்தேன். தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் விறகு அடுப்பு, அடுப்பின் மேல் உருளுகிற ஒரு பெரிய இரும்புத் தோம்பு. வட்டத் தொப்பி போட்ட ஒரு சீனம்மா கைப்பிடியைப் பிடித்து அதைச் சுற்றிக்கொண்டிருந்தார். லோரிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை நிற்பதைப் பார்த்து, சுற்றுவதை நிறுத்தாமல் ஒரு கையை மட்டும் தூக்கினார். நான் கம்பியை விட்டுக் கை ஆட்டப் போனேன். "கைய விடாத" என்றார் அம்மா, பார்க்காமலே.

"ஒரு சீனம்மாதான், அம்மா. தோம்ப வச்சி சுத்துறாங்க."

"தனியாவா?"

"தனியாத்தான். நீ தீம்பாருக்குப் போற மாதிரியே சிலுவார முட்டிக்கு மடிச்சி விட்டிருக்காங்க."

அம்மா பலகையில் சாய்ந்துகொண்டார். கணுக்காலிலிருந்து கையை எடுக்கவில்லை. "பொம்பளயா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். "நான் ஆம்பளன்னு நெனச்சிருந்தேன்."

அம்மா சொன்னது போலவே அடுத்த தைப்பூசத்துக்கு நான் கீழேதான் உட்கார்ந்தேன். அந்த லோரி போயிற்று, ஆள் ஏற்றுகிற லோரிகளே போயின, சட்டமும் விடாது. சவரி மாமாவும் போய்ச் சேர்ந்தார். தோட்டம் எண்ணெய்ச் செம்பனையாகி, பிறகு வீடமைப்புப் பகுதியாகி, பால் ஸ்டோர் இருந்த இடத்தில் ஒரு கார் கழுவும் கடை இருக்கிறது. குணா எனக்கு நீண்ட காலம் பஸ் ஓட்டினான், இப்போது முழங்கால் வலி, ஓய்வு கொடுத்துவிட்டேன். இதில் எதற்கும் நான் உட்கார்ந்து அழுவதில்லை, புளித்த பால் நாற்றத்தை நினைத்து யார் அழுவார்கள்.

அம்மா இருக்கிறார். போன மாதம் கண் பரிசோதனைக்கு என் காடியில் அழைத்துப் போனேன், முன் சீட்டில் உட்காரவைத்து. ரயில் கேட் இருந்த இடம் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, "அந்தக் காப்பிக் கொட்டக இங்கதாம்மா இருந்துச்சி" என்றேன். எண்ணெய் நிலையம் ஒன்று நிற்கிறது. அம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னார். மூக்கை வெளியே நீட்டி மோந்து பார்த்தார். "ஒண்ணுமில்ல" என்றார், வருத்தம் எதுவும் இல்லாமல். பிறகு தலையைத் திருப்பிச் சாலைக்கு அந்தப் பக்கம் தகர வேலி அடைத்த ஓர் இடத்தைக் காட்டினார்.

"அங்க என்னா கட்டுறானுங்க?"

"தெரியல, அம்மா."

"வேலி மறைக்குது. கொஞ்சம் நிறுத்து, எறங்கிப் பாக்கலாம்."

ஆஸ்பத்திரியில் நேரம் கொடுத்திருந்தார்கள். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து யார் சொல்லியும் நான் வழியில் வண்டியை நிறுத்தியதில்லை. அந்தப் பேர்தான் என் முதலீடு. சிக்னல் போட்டு ஓரம் கட்டினேன். அம்மா கதவைத் திறந்து, காலை மெல்ல ஊன்றி, எனக்கு முன்னால் வேலியை நோக்கி நடந்தார்.